கிட் களஞ்சியத்தில் குப்பை: அறிகுறி பார்த்து அகற்றும் வழிமுறை

சித்திரை நெருங்கும்போது நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்காரர்களும் புறாத் தீவுக்குப் படகு விடுபவர்களும் தங்கள் இணையத்தளங்களைப் புதுப்பிக்கச் சொல்லி அவசரப்படுத்துவார்கள். கிழக்குக் கரையில் கடல் அடங்கி வியாபாரம் தொடங்கும் காலம் அது. போன பருவத்தில் மூடி வைத்த களஞ்சியங்களை, அதாவது கோப்புகளின் மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும் தளக் கோப்புறைகளை, அப்போதுதான் திறக்கிறோம். உள்ளே பழைய அறைப் படங்கள், பாதியில் விட்ட சோதனைக் கோப்புகள், ‘புதியது2’, ‘இறுதி_இறுதி’ என்ற பெயர்களில் நகல்கள். திருகோணமலையில் இந்த வேலை பார்க்கும் பிள்ளைகள் கொண்டுவரும் மடிக்கணினிகளில் திரும்பத் திரும்பக் கண்ட கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன்.

வேண்டிய கோப்பை ஏற்கெனவே அழித்துவிட்டீர்கள் என்றால் நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள். அதுவரை அந்தக் கணினியில் எதையும் சேமிக்க வேண்டாம்.

கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தருகிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்யுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் அதைச் சொல்லிவிடுவேன். குறிகளில் -டி என்பது d, -ஐ என்பது i, -ஈ என்பது e. ‘கணக்கில் இல்லாத கோப்பு’ என்பது கிட்டிடம் இதுவரை ஒப்படைக்காத கோப்பு. ‘விலக்கிய கோப்பு’ என்பது .கிட்இக்னோர் பட்டியலில் எழுதி, பார்க்க வேண்டாம் என்று கிட்டுக்குச் சொல்லிவைத்த கோப்பு.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இவை

கிட் ஸ்டேட்டஸ் --ஷோர்ட் --இக்னோர்ட்

கிட் கிளீன் -என் -டி

முதல் கட்டளையில் ?? என்று தொடங்கும் வரிகள் கணக்கில் இல்லாதவை, !! என்று தொடங்குபவை விலக்கியவை. இரண்டாவது கட்டளை எதையும் அழிக்காது. அழிப்பதானால் எவை போகும் என்று பட்டியல் மட்டும் தரும். அந்தப் பட்டியலில் ஒரு பொறி உண்டு. முழுக் கோப்புறையும் கணக்கில் இல்லாதது என்றால் ‘படங்கள்/’ என்று ஒற்றை வரிதான் வரும். உள்ளே நானூறு படங்கள் இருந்தாலும் அதே ஒற்றை வரிதான். கோப்பு கோப்பாகப் பார்க்க ‘கிட் ஸ்டேட்டஸ் -யூஆல்’ என்று கேளுங்கள்.

பட்டியலை வாசிக்கும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரே கேள்வி: இதை மறுபடி உருவாக்க முடியுமா? நோட்_மொட்யூல்ஸ் (தளத்துக்காக இறக்கிய நூலகங்கள்), பில்ட் கோப்புறை, கேஷ் ஆகியவற்றை முடியும். கெஸ்ட் ஹவுஸ்காரர் ஏற்றிய படங்கள், கடவுச்சொற்கள் இருக்கும் .என்வ் கோப்பு, உள்ளூர் தரவுத்தளம் ஆகியவற்றை முடியாது. கிட்டின் பார்வையில் இவை எல்லாம் ஒன்றுதான். பிரித்துப் பார்க்க வேண்டியவர் நீங்கள்.

## அறிகுறி: கிளீன் கட்டளையை கிட் ஏற்க மறுக்கிறது

வெறுமனே ‘கிட் கிளீன்’ என்று கொடுத்தால், கட்டாயப்படுத்தும் குறி இல்லை, அழிக்க மாட்டேன் என்று நிற்கும். இது கோளாறு இல்லை. கிளீன்.ரிக்வயர்ஃபோர்ஸ் என்ற அமைப்பு தொடக்கத்திலிருந்தே இயக்கத்தில் இருப்பதால் வரும் பதில் இது. -என் கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள். திருப்தி என்றால் -என் இருந்த இடத்தில் -எஃப் போடுங்கள்.

இந்த அமைப்பையே அணைத்துவிடச் சொல்லும் அறிவுரை இணையத்தில் உலாவுகிறது. கேட்க வேண்டாம். ஓர் எழுத்து தட்டுவது பெரிய பாரமில்லை.

பட்டியலில் சிலவற்றை வைத்து, சிலவற்றை மட்டும் அகற்ற வேண்டுமா? ‘கிட் கிளீன் -டி -ஐ’ கொடுங்கள். எண் வரிசையில் பட்டியல் வரும். எண்ணைக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொன்றாகக் கேட்கவும் சொல்லலாம். புதிதாகப் பழகுபவர்கள் சில மாதங்களுக்கு இந்த வழியிலேயே போவது நல்லது.

## அறிகுறி: கோப்புகள் போயின, கோப்புறை போகவில்லை

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது, காரணங்களும் அதிகம். முதலில் கிட் என்ன செய்தி தந்தது என்று பாருங்கள்.

### எந்தச் செய்தியும் இல்லை

பெரும்பாலும் -டி விட்டுப்போயிருக்கும். அந்தக் குறி இல்லாவிட்டால், கணக்கில் இல்லாத கோப்புறைகளுக்குள் கிட் நுழையாது.

-டி கொடுத்தும் போகவில்லையா? டெர்மினல் எந்தக் கோப்புறையில் நிற்கிறது என்று பாருங்கள். கிளீன் கட்டளை தான் நிற்கும் இடத்திலிருந்து கீழ்நோக்கி மட்டும் வேலை செய்யும். பக்கத்துக் கோப்புறையை அது எட்டிப் பார்க்காது.

இடமும் சரி என்றால், உள்ளே விலக்கிய கோப்பு ஒன்று இருக்கிறது. விலக்கியதைத் தொடக்கூடாது என்பதால் அதைச் சுமக்கும் கோப்புறையையும் கிட் விட்டுவைத்திருக்கிறது. ‘கிட் ஸ்டேட்டஸ் --இக்னோர்ட்’ அதைக் காட்டிக்கொடுக்கும்.

### ‘களஞ்சியத்தைத் தவிர்க்கிறேன்’ என்ற பொருளில் செய்தி வருகிறது

உங்கள் களஞ்சியத்துக்குள் இன்னொரு களஞ்சியம் இருக்கிறது. பயிற்சிக்காக இறக்கிய மாதிரித் திட்டத்தைத் தவறான கோப்புறையில் குளோன் செய்தால் இப்படி ஆகும். மாணவர்களின் கணினிகளில் இது சர்வசாதாரணம். உள்ளே .கிட் கோப்புறை இருப்பதைக் கண்டால், -எஃப் குறியை இரண்டு முறை கொடுக்கும்வரை கிட் அதில் கை வைக்காது.

இரண்டாவது -எஃப் கொடுக்கும் முன் அந்த உள் களஞ்சியத்துக்குள் போய் மூன்றைப் பாருங்கள்: ஸ்டேட்டஸ் சுத்தமாக இருக்கிறதா, தற்காலிகமாக ஒதுக்கி வைத்த மாற்றங்களைக் காட்டும் ‘கிட் ஸ்டாஷ் லிஸ்ட்’ வெறுமையாக இருக்கிறதா, இணையத்தில் உள்ள தொலைவுக் களஞ்சியத்துக்கு ஏற்றாத கொமிட்கள் (கிட் வரலாற்றில் பதிந்த மாற்றங்கள்) உண்டா. கடைசிக் கேள்விக்கு:

கிட் லொக் --பிராஞ்சஸ் --நொட் --ரிமோட்ஸ்

பதில் வெறுமை என்றால் அழிக்கலாம். ஏதாவது வந்தால், அந்தக் கோப்புறையை வெளியே நகர்த்தி வையுங்கள். அழிப்பதைப் பிறகு யோசிக்கலாம். உள் களஞ்சியம் போனால் அதன் வரலாறும் சேர்ந்தே போகும்.

### ‘அனுமதி இல்லை’, ‘அகற்ற முடியவில்லை’

விண்டோஸில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஓடிக்கொண்டிருக்கும் டெவலப்மென்ட் சர்வரை. அதை நிறுத்துங்கள், எடிட்டரை மூடுங்கள், மறுபடி முயலுங்கள். மறுபடி முயலவா என்று கிட்டே கேட்டால், பிடித்திருக்கும் நிரலை மூடிவிட்டு ஆம் என்று சொல்லுங்கள். பெயர் மிக நீளம் என்று முறையிட்டால் அது விண்டோஸின் பழைய 260 எழுத்து வரம்பு. நோட்_மொட்யூல்ஸுக்குள் அடுக்கடுக்காகப் போகும் கோப்புறைகள் அதை எளிதில் தாண்டிவிடும். ‘கிட் கொன்ஃபிக் கோர்.லோங்பாத்ஸ் ட்ரூ’ என்று அமைத்தால் தீரும்.

லினக்ஸில், நிரல்களைத் தனிக் கொள்கலன்களில் ஓட்டும் டொக்கரைச் சந்தேகியுங்கள். கொள்கலனுக்குள் ரூட் என்ற முழு அதிகாரப் பயனர் எழுதிய கோப்புகளை உங்கள் பயனர் அழிக்க முடியாது. முன்னால் சூடோ (ரூட் அதிகாரம் தரும் கட்டளை) போட்டு கிளீன் கட்டளையை ஓட்டுவது குறுக்கு வழி. அதை நான் விரும்புவதில்லை. அப்படி ஓடும்போது பட்டியலில் தவறு இருந்தால் தடுக்க எதுவும் இல்லை. கோப்புறையின் உரிமையை உங்கள் பயனருக்கு மாற்றுங்கள், பிறகு சாதாரணமாகவே அழியுங்கள். வளாகத்தின் அல்லது அலுவலகத்தின் கணினியில் அந்த அதிகாரம் உங்களுக்கு இல்லை என்றால், கணினியைப் பராமரிப்பவரைக் கூப்பிடும் இடம் இதுதான்.

‘உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை’ என்ற பொருளில் செய்தி வந்தால் துப்புரவை அங்கேயே நிறுத்துங்கள். அது வட்டு சாகத் தொடங்கியதன் அடையாளமாக இருக்கலாம். ஏற்றாத கொமிட்களை ஏற்றுங்கள், விலக்கிய கோப்புகளில் முக்கியமானவற்றை வேறு வட்டுக்கு நகல் எடுங்கள், கணினியைத் திருத்துபவரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: .கிட்இக்னோரில் எழுதியும் கோப்பு திரும்பத் திரும்பத் தோன்றுகிறது

பட்டியலில் எழுதிவிட்டோம், அழித்தும்விட்டோம், மறுநாள் மறுபடி நிற்கிறது. எழுத்துப்பிழையிலிருந்து தொடங்குங்கள்.

கிட் செக்-இக்னோர் -வி கோப்பின்பெயர்

எந்தப் பட்டியலின் எத்தனையாவது வரி அந்தக் கோப்பை விலக்குகிறது என்று இது சொல்லும். பதிலே வராவிட்டால் எந்த வரியும் பொருந்தவில்லை, அல்லது கோப்பு ஏற்கெனவே கணக்கில் இருக்கிறது.

பொருந்தாததற்கு எளிய காரணம், நோட்பேட் அந்தப் பட்டியலை .கிட்இக்னோர்.டிஎக்ஸ்டி என்று சேமித்திருப்பது. விண்டோஸ் பெயரின் பின்னொட்டை மறைத்துக் காட்டுவதால் கண்ணுக்குச் சரியாகத்தான் தெரியும். அடுத்தது, விதிக்குப் பின்னால் அதே வரியில் # போட்டு விளக்கம் எழுதுவது. வரியின் தொடக்கத்தில் வரும் # மட்டுமே விளக்கக் குறி. நடுவில் வந்தால் அதுவும் பெயரின் பகுதியாகிவிடும். இன்னொன்று கண்டுபிடிக்கக் கடினமானது. விண்டோஸுடன் வரும் பழைய பவர்ஷெல்லில் எக்கோ கட்டளையால் .கிட்இக்னோரை உருவாக்கினால், அது யூடிஎஃப்-16 குறியாக்கத்தில் எழுதப்படும். எடிட்டரில் திறந்தால் அழகாக இருக்கும், கிட்டுக்கோ ஒரு வரியும் புரியாது. விஎஸ் கோட்டின் கீழ்ப்பட்டையில் குறியாக்கத்தைப் பார்த்து யூடிஎஃப்-8 ஆக மாற்றிச் சேமியுங்கள்.

கோப்பு ஏற்கெனவே கணக்கில் இருந்தால் எத்தனை விதி எழுதினாலும் பயனில்லை. விலக்கு விதிகள் கணக்கில் இல்லாத கோப்புகளுக்கு மட்டும் பொருந்தும். ‘கிட் ஆர்எம் --கேஷ்ட் கோப்பின்பெயர்’ என்று கணக்கிலிருந்து எடுத்து கொமிட் செய்யுங்கள். உங்கள் வட்டில் கோப்பு அப்படியே இருக்கும். ஆனால் உங்கள் கூட்டாளி அந்தக் கொமிட்டைத் தன் கணினிக்கு இறக்கும்போது (புல் செய்யும்போது) அவருடைய வட்டில் இருக்கும் பிரதி அழிந்துபோகும். முதலில் அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

அந்தக் கோப்பு .என்வ் ஆக இருந்து, களஞ்சியம் பொதுவில் இருந்தால் விடயம் துப்புரவைத் தாண்டிவிட்டது. பழைய கொமிட்களில் கடவுச்சொல் இன்னும் இருக்கிறது. அதே நாளில் கடவுச்சொற்களை மாற்றுங்கள். வரலாற்றைத் திருத்தி எழுதும் வேலையை, அதைச் செய்து பழகிய ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

## அறிகுறி: புல் செய்யும்போது ‘கணக்கில் இல்லாத கோப்புகள் மேலெழுதப்படும்’ என்று நிற்கிறது

காரணம் எப்போதும் ஒரே வகைதான். நீங்கள் பென் டிரைவிலோ வாட்ஸ்அப்பிலோ வாங்கி வைத்த கோப்பை, இன்னொருவர் அதே பெயரில் கொமிட் செய்திருக்கிறார். படகுக்காரர் அனுப்பும் ஒரே படம் இரண்டு பேருக்கும் போனால் இப்படித்தான் ஆகும். உங்கள் பிரதியை அழிக்க கிட் விரும்பாமல் நிற்கிறது.

இந்த இடத்தில் பலரும் முழுக் களஞ்சியத்துக்கும் ‘கிட் கிளீன் -எஃப் -டி’ கொடுக்கிறார்கள். புல் வேலை செய்துவிடும். கூடவே தொடர்பில்லாத வேறு பத்துக் கோப்புகளும் போய்விடும். செய்தியில் பெயர் வந்த கோப்பை மட்டும் வேறு பெயருக்கு மாற்றுங்கள், புல் செய்யுங்கள், இரண்டையும் ஒப்பிட்டு வேண்டாததை எறியுங்கள்.

## அறிகுறி: தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளில் குழப்பம்

### பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சாய்கோடுகளும் எண்களும்

ஸ்டேட்டஸில் \340\256 என்று நீளமாகப் போகும் வரி பழுதடைந்த கோப்பின் பெயரல்ல. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை கிட் இப்படி எண்ணாக்கிக் காட்டும். இதைக் குப்பை என்று நினைத்து அழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘கிட் கொன்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபோல்ஸ்’ என்று கொடுத்தால் தமிழ் தமிழாகவே தெரியும். ஆனால் அடுத்து வரும் கோளாறைத் தேடும்போது இந்த எண்கள்தான் உதவும்.

### ஒரே பெயரில் இரண்டு கோப்புகள்

திருகோணமலை.ஜேபிஜி கணக்கில் இருக்கிறது, அதே திருகோணமலை.ஜேபிஜி கணக்கில் இல்லை என்றும் காட்டுகிறது. எழுத்துக்கு எழுத்து ஒன்றாகத் தெரியும் இரண்டு கோப்புகள். அழித்தால் எது போகும் என்ற பயம் நியாயமானது.

காரணம் ‘கோ’வில் இருக்கிறது. ஒருங்குறியில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியையும் கால் குறியையும் (ா) அடுத்தடுத்து வைத்து இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று ஒருங்குறி ஏற்கிறது. லினக்ஸும் விண்டோஸும் கோப்புப் பெயர்களில் அப்படி ஏற்பதில்லை. அவற்றுக்கு இவை இரு வேறு பெயர்கள். சில விசைப்பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் பிரித்து எழுதும். மேக் கணினியில் சுருக்கி அனுப்பிய ஸிப் கோப்பை விரிக்கும்போதும் பிரிந்த பெயர் வரலாம். ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மூன்றுக்கும் இந்தத் தொல்லை உண்டு. நிலாவெளி, உப்புவெளி, மூதூர், கிண்ணியா என்று பெயர் வைத்த படங்களில் இது வராது. திருகோணமலை, கோணேஸ்வரம் என்று வைத்தவற்றில் வரும். ஊர்ப் பெயரும் கோயில் பெயரும்தான் எல்லாத் தளங்களிலும் இருக்கின்றன என்பதால், எங்கள் பக்கத்தில் இந்தக் கோளாறுக்குப் பஞ்சமே இல்லை.

உறுதி செய்ய, எண்ணாகக் காட்டும் அமைப்பைத் திரும்ப இயக்குங்கள். ஓகாரம் ஒரே குறியீடாக இருந்தால் \340\257\213 என்று வரும். பிரிந்திருந்தால் \340\257\207\340\256\276 என்று வரும். ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ்’ காட்டுவது கணக்கில் இருப்பது, மற்றது உதிரி.

உடனே உதிரியை அழிக்க வேண்டாம். சில வேளை புதிய படம் அதில்தான் இருக்கும். இரண்டுக்கும் ‘கிட் ஹாஷ்-ஒப்ஜெக்ட்’ ஓட்டுங்கள். ஒரே விடை வந்தால் உள்ளடக்கம் ஒன்றுதான். விடை வேறு என்றால் திறந்து பார்த்து, நல்லதை வேறு பெயரில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ‘கிட் கிளீன் -ஐ’ கொடுத்து எண்ணால் தேர்ந்தெடுத்து அகற்றுங்கள். பெயரைத் தட்டச்சு செய்து அழிக்க முயன்றால், உங்கள் விசைப்பலகை எந்த வடிவில் எழுதுகிறதோ அந்தக் கோப்புதான் போகும்.

தமிழில் பெயர் வைக்காதீர்கள் என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. ஆனாலும் மேக்கும் விண்டோஸும் கலந்து வேலை செய்யும் குழுவில் படக் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கிறோம். தமிழ்ப் பெயர் படத்தின் கீழே, வாசகர் பார்க்கும் இடத்தில் இருக்கிறது.

## அறிகுறி: கிளீன் முடிந்தும் ‘மாற்றப்பட்டது’ என்று காட்டுகிறது

கணக்கில் இருக்கும் கோப்பைக் கிளீன் தொடாது. மாற்றத்தைக் கைவிட ‘கிட் ரிஸ்டோர் கோப்பின்பெயர்’. அதற்கும் அசையாவிட்டால், அல்லது தொடாத கோப்புகள் கூட்டமாக மாறியதாகக் காட்டினால், விண்டோஸ் லினக்ஸ் வரிமுடிவு வேறுபாடுதான் வழக்கமான காரணம். .கிட்அட்ரிபியூட்ஸில் ‘* டெக்ஸ்ட்=ஓட்டோ’ என்ற வரியைச் சேர்த்து, ‘கிட் ஆட் --ரிநோர்மலைஸ் .’ ஓட்டி ஒருமுறை கொமிட் செய்யுங்கள். குழுவில் எல்லோரும் தங்கள் வேலையை ஏற்றிய பிறகு செய்தால் சண்டை வராது.

## அறிகுறி: வட்டு நிரம்பிவிட்டது

128 ஜிபி வட்டோடு வந்த மடிக்கணினியில் நாலைந்து தளங்கள் இருந்தால் இது நடக்கத்தான் செய்யும். எதை அழிக்கலாம் என்று கேட்டால், விலக்கியவற்றை அழி என்று இணையம் சொல்லும். கிளீன் கட்டளையில் அதற்கு இரண்டு எக்ஸ் குறிகள் உண்டு.

சிறிய -எக்ஸ்: கணக்கில் இல்லாதவை, விலக்கியவை இரண்டையும் அழிக்கும்.

பெரிய எக்ஸ்: விலக்கியவற்றை மட்டும் அழிக்கும், நீங்கள் இன்னும் கொமிட் செய்யாத புதுக் கோப்புகள் தப்பும்.

வட்டில் இடத்தை மீட்பதற்குப் பெரிய எக்ஸ் போதும். ஆனால் இரண்டுமே .என்வ் கோப்பையும், ஏற்றப்பட்ட படங்கள் இருக்கும் கோப்புறையையும் விட்டுவைக்காது. காக்க வேண்டியதைக் காக்கும் குறி -ஈ. இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. சிறிய எக்ஸுடன் ‘-ஈ .என்வ்’ கொடுத்தால் .என்வ் தப்பிக்கும். பெரிய எக்ஸுடன் அதையே கொடுத்தால், .என்வும் விலக்கியவற்றில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு கிட் அழித்துவிடும். பெரிய எக்ஸுடன் பெயருக்கு முன் ஆச்சரியக்குறி வேண்டும். ஒற்றை மேற்கோளுக்குள் ‘!.என்வ்’ என்று. எதுவானாலும் முதலில் -என்.

இன்னும் எளிய வழி, கிளீன் கட்டளையை ஒரே ஒரு கோப்புறைக்குள் அடைப்பது. கடைசியில் நோட்_மொட்யூல்ஸ் என்று பாதையைக் கொடுத்துவிட்டால் வேறெதையும் அது தொடாது.

அழிக்கும் முன் இணைய இணைப்பையும் நினைத்துப் பாருங்கள். நோட்_மொட்யூல்ஸைத் திரும்ப இறக்க டேட்டா வேண்டும். வாடிக்கையாளர் நிலாவெளியில் காத்திருக்கும்போது, ரீலோட் முடிந்த கைப்பேசியின் ஹொட்ஸ்பொட்டை நம்பி அழிப்பது புத்தியல்ல. இரவு டேட்டா உள்ளவர்கள் அந்த நேரத்துக்குத் தள்ளிப்போடலாம். நூலகங்களை இறக்கும் கருவியான என்பிஎம் தன் கேஷை உங்கள் பயனர் கோப்புறையில் வைத்திருக்கும். கிட் கிளீன் அதை எட்டாது. ‘என்பிஎம் சிஐ --பிரிஃபர்-ஒஃப்லைன்’ என்று கொடுத்தால் அங்கே இருப்பதை முதலில் எடுத்துக்கொள்ளும்.

எல்லாம் அழித்தும் இடம் வரவில்லையா? ‘கிட் கவுண்ட்-ஒப்ஜெக்ட்ஸ் -வி’ ஓட்டி சைஸ்-பாக் வரியைப் பாருங்கள். அது பெரிதாக இருந்தால் எடை .கிட் கோப்புறைக்குள், வரலாற்றில் இருக்கிறது. கிளீன் அங்கே போகாது. ‘கிட் ஜிசி’ சற்றுக் குறைக்கும். யாரோ ஒருமுறை ட்ரோன் காணொளியைக் கொமிட் செய்திருந்தால், வரலாற்றைத் திருத்தாமல் அது போகாது; அனுபவசாலி வேண்டிய வேலை.

## அறிகுறி: சுத்தம் செய்தபின் தளம் இயங்கவில்லை

மலிவான காரணத்திலிருந்து போங்கள்.

சார்பு நூலகங்கள் போயிருக்கும்: என்பிஎம் சிஐ அல்லது கொம்போசர் இன்ஸ்டோல் ஓட்டித் திரும்ப இறக்குங்கள். அடுத்து, வெறுமையான கோப்புறைகள். படம் ஏற்றும் கோப்புறை, லொக் கோப்புறை போன்றவை வெறுமையாக இருந்தால் கிட் அவற்றைக் கணக்கில் கொள்ளாது. -டி அவற்றையும் எடுத்துவிடும். ஸ்டேட்டஸில் இவை தெரிவதுமில்லை. தளம் திறக்கும், படம் ஏற்றும்போது மட்டும் விழும் என்பதால் வாடிக்கையாளர்தான் முதலில் கண்டுபிடிப்பார். கோப்புறையைத் திரும்ப உருவாக்கி, உள்ளே .கிட்கீப் என்ற வெற்றுக் கோப்பை வைத்துக் கொமிட் செய்யுங்கள்.

.என்வ் போயிருந்தால், சர்வரில் உள்ளதைப் பார்த்து எழுதலாம். கட்டணச் சேவையின் சாவி போன்றவற்றை அந்தச் சேவையின் கணக்குக்குள் போய்ப் புதிதாக எடுக்க வேண்டும். கடவுச்சொற்கள் இல்லாத மாதிரிப் பிரதி ஒன்று களஞ்சியத்தில் இருந்தால் இந்த வேலை கால் மணி நேரத்தில் முடியும்.

உள்ளூர் எஸ்கியூலைட் தரவுத்தளம் போயிருந்தால், அது அடுத்த பகுதிக்குரிய விடயம்.

## அறிகுறி: வேண்டிய கோப்பு அழிந்துவிட்டது

குப்பைத்தொட்டியில் தேட வேண்டாம். கிளீன் அழித்தவை அங்கே போவதில்லை. ரிஃப்லொக்கிலும் இருக்காது, அது கொமிட்களின் சுவடு மட்டும்.

எடிட்டரில் அந்தக் கோப்பு இன்னும் திறந்திருந்தால் மூடாதீர்கள். அப்படியே சேமித்தால் திரும்பிவிடும், கதை முடிந்தது. மூடிவிட்டீர்கள் என்றால் எடிட்டரின் உள்ளூர் வரலாற்றைப் பாருங்கள். விஎஸ் கோட்டில் 2022 முதல் டைம்லைன் பகுதியில் அது இருக்கிறது; ஜெட்பிரெய்ன்ஸ் எடிட்டர்களில் லோக்கல் ஹிஸ்டரி. எடிட்டரில் திருத்தி எழுதிய கோப்புகளுக்கு இது உதவும், படங்களுக்கு உதவாது. கோப்புறை மைக்ரோசொஃப்டின் இணையச் சேமிப்பான வன்ட்ரைவுக்குள் இருந்தால் இணையத்தில் உள்ள அதன் குப்பைத்தொட்டியைத் திறந்து பாருங்கள்.

எப்போதாவது அந்தக் கோப்பை ‘கிட் ஆட்’ செய்துவிட்டுப் பின்னர் கணக்கிலிருந்து எடுத்தீர்களா? அப்படியானால் உள்ளடக்கம் .கிட்டுக்குள் அநாதையாகக் கிடக்கலாம்.

கிட் எஃப்எஸ்சிகே --லொஸ்ட்-ஃபவுண்ட்

மீட்டவற்றை .கிட் கோப்புறையில் லொஸ்ட்-ஃபவுண்ட்/அதர் என்ற இடத்தில் பெயரில்லாமல், நீண்ட எண்ணெழுத்தோடு வைக்கும். ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பழைய அநாதைகளைக் கிட்டின் தானியங்கித் துப்புரவு கழித்துவிடக்கூடும். ஆகவே இன்றே செய்யுங்கள். அதுவரை ‘கிட் ஜிசி’ ஓட்டாதீர்கள்.

படங்களுக்கு வேறு வழி இருக்கிறது: அனுப்பியவரைக் கேளுங்கள். கெஸ்ட் ஹவுஸ்காரரின் கைப்பேசியில், வாட்ஸ்அப் உரையாடலில், கமராவின் அட்டையில் அவை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. தளம் ஏற்கெனவே ஓடினால் சர்வரிலும் இருக்கும். வெட்கப்பட்டுக் கேட்காமல் இருந்து வட்டு மீட்புக்குப் பணம் கொடுத்தவர்கள் உண்டு.

இவை எதுவும் கைகொடுக்காமல், கோப்பும் உண்மையிலேயே ஒரே பிரதியாக இருந்தால், மீட்பு வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். கணினியை அணைத்து வையுங்கள். மீட்பு மென்பொருளை அதே வட்டில் நிறுவாதீர்கள். அழிந்த கோப்பு இருந்த இடத்திலேயே அது எழுதப்படலாம். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் நம்பிக்கை அதிகம். எஸ்எஸ்டி என்றால் அழிந்த இடங்களை ட்ரிம் வசதி தானே வெறுமையாக்கிவிடும். பணம் கொடுக்கும் முன் இதைப் பற்றி நேராகக் கேளுங்கள். வட்டின் வகை, இயங்குதளம், அழித்த நேரம், அதன்பிறகு கணினியில் செய்தவை, தேடும் கோப்புகளின் வகையும் ஏறத்தாழ அளவும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கணினியோடு கொடுங்கள். கொழும்புக்கு அனுப்ப வேண்டி வந்தால் அந்தத் தாளும் சேர்ந்து போகட்டும்.